பிடுங்க வேண்டியதும் பேண வேண்டியதும்



காணி உறுதி, கடன், ஓய்வூதியம் என்று பல விடயங்களை இந்தப் பக்கத்தில் பேசியிருக்கிறோம். இந்த மாதம் ஒரு செடியைப் பற்றிப் பேசப் போகிறேன். "செடியைப் பற்றிப் பேச விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார், சமூக சேவையாளருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். அந்தச் செடியைப் பிடுங்குகிறவர்கள் அநேகமாகப் பெண்கள். அதனால் கை புண்ணாகிறவர்களும் பெண்கள். அது முளைக்கிற இடம் நம் பிள்ளைகள் விளையாடுகிற இடம். ஆகவே இது நமது விடயமும்தான்.

செடியின் பெயர் பார்த்தீனியம். கரட் இலை போல வெட்டு வெட்டான இலை. முதலில் தரையோடு படர்ந்திருக்கும். பிறகு தண்டு நீட்டி இடுப்பளவுக்கும் அதற்கு மேலும் வளரும். உச்சியில் வெள்ளை வெள்ளையாகப் பொடிப் பூக்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

கொட்டியாரக் குடாவை அண்டிய ஒரு கிராமத்தில் இதை நான் நெருக்கமாகக் கண்டேன். 2006இல் ஊரை விட்டு ஓடி, பல வருடங்கள் முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்துவிட்டு மீள்குடியேறிய சனங்களின் கிராமம் அது. முன்பள்ளிக்குப் பக்கத்தில் அரை ஏக்கரளவு பொதுக்காணி கிடந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் சிரமதானம் செய்து, இரண்டு ஊஞ்சலும் ஒரு சறுக்கு மரமும் போட்டு, அதைச் சிறிய பூங்காவாக்கினார்கள். பக்கத்து முஸ்லிம் கிராமத்துப் பிள்ளைகளும் பின்னேரத்தில் விளையாட வருவார்கள். அதனால் அந்தத் தாய்மாரும் வேலைக்குச் சேர்ந்துகொண்டார்கள்.

முதலாவது மாரி வரைக்கும் பூங்காவில் பார்த்தீனியம் இருக்கவில்லை. பாதை போடுவதற்கென்று ஓர் ஒப்பந்தகாரர் இரண்டு லோட் கிரவல் கொண்டுவந்து கொட்டினார். மழை பெய்ததும் கிரவல் போட்ட இடமெல்லாம் பச்சையாக முளைத்தது. இந்தச் செடி பரவுகிற வழியே அதுதான். மண், மணல், கிரவல், உழவு இயந்திரத்தின் சில்லில் ஒட்டிய சேறு, வாங்கி வருகிற எரு, வெள்ளம், காற்று எல்லாவற்றோடும் விதை போகும். ஒரு செடி 15,000 தொடக்கம் 25,000 வரை விதை போடக்கூடியது. முளைத்து நான்கைந்து கிழமையிலேயே பூக்கத் தொடங்கிவிடும். மண்ணுக்குள் போன விதை வருடக்கணக்கில் காத்துக் கிடந்து முளைக்கும்.

இதன் சொந்த இடம் மெக்சிக்கோ வளைகுடாவைச் சுற்றிய நாடுகள். இந்தியாவில் 1950களின் நடுப்பகுதியில் பூனேயில் கண்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு வந்திருக்கும் என்பது பொதுவான கருத்து. நம் நாட்டில் முதலில் பதிவானது 1999இல், வவுனியாவில். 1987இல் வந்த இந்திய அமைதி காக்கும் படையின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதை வந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். மிளகாய், வெங்காய விதையோடு வந்தது என்போரும் உண்டு. எத்தியோப்பியாவிலும் போர்க்கால வாகனங்களோடும் நிவாரணத் தானியத்தோடும்தான் இது பரவியது என்கிறார்கள். படையும் பஞ்சமும் போன வழியால் இதுவும் போயிருக்கிறது.

இதை நான் பூங்காவில் சொன்னபோது ஓர் அம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னார்: "சண்டை முடிஞ்சுது, ஆமி முகாமும் போச்சுது. இது மட்டும் போகல்ல பாருங்க."

கைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்

பார்த்தீனியத்தில் பார்த்தெனின் என்றொரு நச்சுப் பொருள் இருக்கிறது. வெறும் கையால் பிடுங்கினால் முதல் நாள் ஒன்றும் தெரியாது. பல தடவை தொட்ட பிறகு உடம்பு அதை ஏற்க மறுக்கத் தொடங்கும். கை, கழுத்து, முகம், கண் இமை எல்லாம் கடித்துச் சிவந்து, தோல் தடித்துக் கறுக்கும். ஒருமுறை இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு செடிக்குக் கிட்டப் போனாலே திரும்பத் தொடங்கும். பூந்தூள் மூக்குக்குள் போய்த் தும்மல், இழுப்பு, ஆஸ்துமாவையும் கூட்டும். மாடு தின்றால் பாலும் கசக்கும்.

வெங்காயத் தோட்டத்திலும் வயலிலும் நாட்கூலிக்குக் களை பிடுங்கும் சகோதரிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். "வேலை செய்தால் கை அப்பிடித்தான்" என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள். கடி மாறாவிட்டால் ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக்குக்குக் காட்டுங்கள். பாமசியில் யாரோ சொன்ன களிம்பை மாதக்கணக்கில் பூச வேண்டாம். சில களிம்புகள் தோலை மெல்லியதாக்கிவிடும்.

பிடுங்கும் முறையைக் கீழே தருகிறேன். வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதிப்படுத்தப்படாத காணியில் எந்தக் காரணத்துக்காகவும் மண்வெட்டி போட வேண்டாம். சந்தேகமென்றால் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். தெரியாத இரும்புப் பொருளைக் கண்டால் தொடாமல் விலகி வந்து அறிவியுங்கள்.

2. ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை உள்ளவர்கள் பிடுங்கும் வேலைக்கு வரக் கூடாது. அவர்கள் தேத்தண்ணி போடலாம், கணக்கு எழுதலாம். பிள்ளைகளைப் பிடுங்க விடவே கூடாது.

3. நீளக் கைச் சட்டை, கையுறை, சப்பாத்து, மூக்கையும் வாயையும் மூடத் துணி. கையுறை இல்லாவிட்டால் நல்ல தடித்த பொலித்தீன் பையைக் கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

4. மழை பெய்து மண் இளகிய நேரம், பூப்பதற்கு முன்னர், வேரோடு பிடுங்குங்கள். நமது மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நாற்றாக நிற்கும்போதே பிடுங்குவது சுகம். வெட்டிவிட்டால் அடியிலிருந்து திரும்பத் தளிர்க்கும்.

5. பூத்துவிட்ட செடியின் தலையை ஒரு பையால் மூடிக்கொண்டு பிடுங்கி, உரப்பைக்குள் போட்டுக் கட்டி, கிடங்கில் போட்டு எரியுங்கள். புகைக்கு எதிரே நிற்க வேண்டாம். பூக்காத செடியைக் கூட்டெருவுக்குப் போடலாம். பூத்ததைப் போட்டால் எருவோடு விதையையும் வளவுக்குள் சேர்த்ததாகிவிடும்.

6. வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை, கால், முகம் கழுவுங்கள். உடுப்பைப் புறம்பாகத் தோயுங்கள். மண்வெட்டியிலும் சப்பாத்திலும் ஒட்டிய மண்ணை அங்கேயே தட்டிவிடுங்கள்.

7. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒரு வருடத்தில் முடியாது. மூன்று நான்கு மாரிக்காவது விடாமல் செய்ய வேண்டும்.

உப்புத் தண்ணீர் தெளிக்கலாமா என்று சிலர் கேட்டார்கள். ஐந்து லீற்றர் தண்ணீருக்கு ஒரு கிலோ உப்புப் போட்டுத் தெளித்தால் செடி வாடும். ஆனால் அந்த மண்ணில் வேறு எதுவும் சரியாக வளராது. பூங்காவுக்கும் வளவுக்கும் அது வேண்டாம். பிள்ளைகள் உருண்டு விளையாடும் இடத்தில் களைநாசினியும் வேண்டாம்.

"வந்தான் வரத்தான்"

மூன்றாம் நாள் சிரமதானத்தில் ஒரு சிறிய மனக்கசப்பு வந்தது. ஒரு தங்கச்சி பிடுங்கிய செடியை எறிந்துகொண்டே, "வந்தான் வரத்தான் எல்லாத்தையும் இப்பிடித்தான் வேரோட பிடுங்கி எறியோணும்" என்றாள். அவள் செடியை நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு முஸ்லிம் தாயின் முகம் மாறிவிட்டது. அவர் 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து கந்தளாய்க்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். "மிஸ், அங்க எங்களயும் இந்தச் சொல்லுத்தான் சொன்னாங்க" என்றார். அதைக் கேட்டு ஒரு தமிழ் அக்கா சொன்னார்: "எங்களையும்தான். மட்டக்களப்பு முகாமில தண்ணி பிடிக்கப் போனா, வந்தான் வரத்தான் பின்னால நில்லுங்கோ எண்டுவாங்க."

எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தோம். அன்றைக்குப் பேசியதைத்தான் உங்களோடும் பேச விரும்புகிறேன்.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு செடியை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. அன்று மதியம் எங்களுக்கு மீன்குழம்பும் சோறும். அதில் போட்ட மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேயர் காலத்தில் வந்தது. புளி மிகப் பழைய காலத்தில் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. இடப்பெயர்வுக் காலத்தில் பலருடைய வயிற்றை நிரப்பிய மரவள்ளி தென் அமெரிக்காவுக்குரியது. பப்பாசி, கொய்யா, கச்சான் எல்லாமே அப்படி வந்தவைதான். அவை வந்த இடத்தில் மற்றவற்றோடு சேர்ந்து வாழ்ந்தன. நமக்கும் உணவு தந்தன.

பார்த்தீனியம் அப்படியல்ல. தன் வேரிலும் இலையிலுமிருந்து கசியும் பொருளால் பக்கத்து விதைகளை முளைக்கவிடாமல் செய்கிறது. அதைத் தின்று கட்டுப்படுத்தும் பூச்சிகள் அதன் சொந்த நாட்டில் உண்டு, இங்கே இல்லை. எனவே அது இருக்கும் இடத்தில் வேறொன்றும் இல்லாமல் போகிறது. "ஆக்கிரமிக்கும் இனம்" என்று சொல்வது அதன் இந்த நடத்தையை வைத்துத்தான்.

இங்கேயே பிறந்த இனமும் சில வேளை அளவு மீறும். திருகோணமலைக் கடலில் முள்முடி நட்சத்திர மீன் என்றொன்று உண்டு. அது நம் கடலுக்குரிய உயிர்தான். 1970களின் தொடக்கத்தில் அது அளவுக்கு மீறிப் பெருகி, இந்தப் பக்கத்துப் பவளப் பாறைகளைத் தின்று பெரும் சேதம் செய்தது. ஆகவே "எங்கிருந்து வந்தாய்?" என்ற கேள்வி போதாது. "பக்கத்தில் இருப்பவரை வாழ விடுகிறாயா?" என்றுதான் கேட்க வேண்டும்.

ஆனால், சகோதரிகளே, செடிக்குக் கேட்கும் இந்தக் கேள்வியைக்கூட மனிதருக்குக் கொண்டுபோகாதீர்கள். செடிக்கு மனம் இல்லை, அது தன் இயல்பை மாற்றாது. மனிதர் பேசலாம், திருந்தலாம், விட்டுக்கொடுக்கலாம். மூன்று இனமும் வாழும் இந்த மாவட்டத்தில் ஒவ்வோர் இனத்தையும் யாரோ ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், "நீ இந்த ஊரில்லை" என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சொல்லுக்குப் பிறகு நடந்தவற்றை நாங்கள் அனுபவித்துவிட்டோம். சிரமதானத்தில் பிடுங்கும் செடிக்கு அதன் பெயரையே சொல்வோம். பார்த்தீனியம் என்றால் போதும். அந்தத் தங்கச்சி பிறகு அந்தத் தாயிடம் போய், "ராத்தா, நான் அப்பிடி நினைச்சுச் சொல்லல்ல" என்றாள். அவரும், "தெரியும் புள்ள" என்று தன் கையுறையில் ஒன்றைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அவளிடம் அன்று கையுறை இருக்கவில்லை.

வெறும் தரை நல்லதல்ல

பிடுங்குவது பாதி வேலைதான். பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் முதலில் வந்து உட்காருவது திரும்பவும் பார்த்தீனியம்தான். அது கிளறிய மண்ணையும், ஆளில்லாத வளவையும், தெருவோரத்தையும்தான் தேடிப் பிடிக்கும். நிழலும் நெருக்கமான புல்லும் உள்ள இடத்தில் அதன் பலம் குறைவு. "துப்புரவு" என்று சொல்லிப் பற்றை முழுவதையும் வழித்தெடுத்து, தும்புத்தடியால் கூட்டி, வெள்ளைத் தரையாக வைத்திருப்பதை நாம் பெருமையாக நினைக்கிறோம். உண்மையில் அது பார்த்தீனியத்துக்குக் கதவு திறந்து வைப்பது.

ஆகவே மண்வெட்டி போடுவதற்கு முன் ஒரு மூத்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு காணியைச் சுற்றி நடந்து பாருங்கள். எந்த மரம், எந்தப் பற்றை, என்ன பெயர், என்ன பயன் என்று அவருக்குத் தெரியும். அந்தப் பூங்காவில் அப்படி நடந்தபோது ஒரு பாலைக் கன்று, இரண்டு நாவல், ஒரு விளா, வேலியோரமாக ஆவாரை எல்லாம் பற்றைக்குள் இருப்பது தெரியவந்தது. அவற்றுக்குச் சிவப்புத் துணி கட்டி, "வெட்ட வேண்டாம்" என்று அடையாளம் வைத்தோம். பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்றைக்கு ஒன்றை வெட்டினால் அதன் பழத்தை நம் பேரப்பிள்ளைகள்தான் திரும்பக் காண்பார்கள்.

நடுவதற்கும் நம் வரண்ட வலயத்து மரங்களே சுகம். நாவல், இலுப்பை, விளா, பூவரசு, கொன்றை, நீர் உள்ள பக்கம் மருது. கடற்கரைப் பக்கம் தாழை. முதல் இரண்டு வருடம் தண்ணீர் ஊற்றினால் பிறகு தானாக நிற்கும். கன்றுகளுக்கு இடையில் தகரை விதையைத் தூவலாம். தகரை நெருக்கமாக முளைக்கும் இடத்தில் பார்த்தீனியம் தலையெடுப்பது குறைவு என்று இந்தியாவில் கண்டிருக்கிறார்கள். இளம் தகரையை வறையாகவும் சாப்பிடலாம்.

இலவசமாகக் கிடைக்கும் கன்றைக் கண்ணை மூடிக்கொண்டு நட வேண்டாம். இந்த நாட்டில் தொல்லையாகிப்போன பல இனங்களை யாரோ நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள். ஆற்றுவாழை 1905இல் பூவின் அழகுக்காக வந்தது. நான்கு வருடத்தில், 1909இல், அதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. நாயுண்ணி 1926இல் பேராதனைப் பூங்காவுக்கு அலங்காரச் செடியாக வந்தது. சல்வீனியா 1939இல் தாவரவியல் படிப்புக்காக வந்தது. அதன் பிறகு எத்தனை குளங்களை மூடியது! 1986இல் ஒரு சிறிய வண்டைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் பல இடங்களில் அது அடங்கியது. சீமைக் கருவேலம் 1950களில் அம்பாந்தோட்டைப் பக்கத்து உவர் நிலத்தைத் திருத்துவதற்காக வந்தது. அது பூந்தலத் தேசியப் பூங்காவுக்குள் பரவியதை இன்றும் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது கன்று தந்தால், "இது தானாகப் பரவுமா? ஆடு தின்னுமா? விதை எவ்வளவு போடும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். வேலிக்கு இப்பில் இப்பில் வைத்திருப்பவர்கள் காய் முற்றுவதற்கு முன் கிளையை வெட்டி ஆட்டுக்குப் போட்டுவிடுங்கள்.

பட்டணத்துப் பூங்காவும் நம்முடையதே

கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பிரெட்றிக் கோட்டை வாசலில் புள்ளிமான்களைப் பார்க்காமல் வர முடியாது. அவை இந்தத் தீவுக்குரிய இனம். பட்டணத்துத் தெருவிலும் மைதானத்திலும் ஆட்களோடு ஆட்களாக நடமாடுகின்றன. அர்ச்சனைத் தட்டு வாங்கிய பை, சாப்பாட்டுப் பார்சல் சுற்றிய தாள் என்று நாம் எறியும் பொலித்தீனை உப்புச் சுவைக்கும் உணவு வாசனைக்கும் தின்று அவை வயிறு அடைத்துச் சாகின்றன. கோயிலுக்குப் போகும்போது ஒரு துணிப் பை கொண்டுபோனால் ஒரு மானைக் காப்பாற்றலாம். பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவும் நமது மாவட்டத்தின் சொத்து. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. அங்கே கூடுகட்டும் மாடப்புறாக்களால்தான் அந்தப் பெயர். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் பவளத்தின் மேல் ஏறி நிற்க விடாதீர்கள். அது கல் அல்ல, உயிர்.

யாரிடம் போவது?

1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பார்த்தீனியம் தடைசெய்யப்பட்ட களையாகும். தன் காணியில் அதை வளரவிடுவது குற்றம். இதைச் சொல்லி அயலவரைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆளில்லாத காணியிலும் அரச காணியிலும் அது மண்டிக் கிடந்தால், சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் எழுத உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்காகவே சொல்கிறேன். உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைச் சந்தியுங்கள். பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் பிரதி அனுப்புங்கள். வட மாகாண சபை இயங்கிய காலத்தில் அங்கே பார்த்தீனிய ஒழிப்பை ஓர் இயக்கமாகவே நடத்தினார்கள். கேட்டால் நமக்கும் உதவி கிடைக்கும். கையுறையாவது கேளுங்கள். பெண்கள் இலவசமாக உழைக்கும்போது அவர்களின் கைக்கு ஒரு சோடிக் கையுறை கேட்பது அதிகமில்லை. கிரவல், மணல் லோட் இறக்க முன்னர், அது எங்கே அள்ளியது, அங்கே இந்தச் செடி நிற்கிறதா என்று ஒப்பந்தகாரரிடம் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்த மாரிக்கு முன்னர் ஒவ்வொரு சங்கமும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் முன்பள்ளி, கிணற்றடி, பொதுக்காணி, கோயில் அல்லது பள்ளிவாசல் வீதி ஆகியவற்றில் எந்தெந்த மரம் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிடுங்க வேண்டியது ஒரு பக்கம், பேண வேண்டியது மறு பக்கம். இரண்டாவது பக்கம் நீளமாக இருக்கும் என்று நான் நம்புகிறேன். எழுதியதை எங்கள் முகவரிக்கு அனுப்பினால் அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

வரும் மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம். அதுவரை கைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.